குடும்ப நல வழக்கை வேறு ஊர் நீதிமன்றத்துக்கு மாற்றுவது எப்படி: சம்மன் வந்த நாள் முதல் வழக்குக் கட்டு புது நீதிமன்றத்துக்குப் போய்ச் சேரும் நாள் வரை

கணவர் திருச்சி குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட்டுவிட்டார். மனைவி நாலு வயதுக் குழந்தையோடு தென்காசியில் தாய் வீட்டில் இருக்கிறார். சம்மனைப் பிரித்தால் வாய்தாவுக்கு இன்னும் 18 நாள்தான் இருக்கிறது. இந்த நிலையில் இருப்பவர் என்னென்ன செய்ய வேண்டும், எது எங்கே தவறிப்போகும் என்பதைத் தமிழ்நாட்டு நடைமுறைப்படி இங்கே சொல்கிறோம். வழக்கை மாற்றக் கேட்கும் உரிமை கணவருக்கும் உண்டு. அவருக்கு எது வேறுபடுகிறது என்பதை அந்தந்த இடத்தில் குறிப்பிட்டிருக்கிறோம்.

சொத்து வழக்கு என்றால் பெரும்பாலான வாய்தாக்களுக்கு வக்கீல் போய் நின்றால் போதும், கட்சிக்காரர் ஊரில் தன் வேலையைப் பார்க்கலாம். குடும்ப நல நீதிமன்றம் அப்படி இல்லை. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டம், 9-வது பிரிவில், முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்கிறது. 13-வது பிரிவு, வக்கீல் வைத்துக்கொள்வதை உரிமையாகத் தரவில்லை. நீதிமன்றம் அனுமதித்தால்தான் உண்டு. ஆகவே கவுன்சலிங், மீடியேஷன், குழந்தையைக் காட்டும் நாள், சாட்சியம் என்று ஆள் நேரில் வந்தே தீர வேண்டிய நாட்கள் அதிகம். மாற்றல் மனுவின் உயிர் இந்த அலைச்சலில்தான் இருக்கிறது. எல்லாருடைய மனுவிலும் ஒரே சட்டப் பிரிவுதான் இருக்கும். ஜெயிக்கிற மனுவில் அந்த அலைச்சல் நீதிபதியின் கண்ணுக்குத் தெரியும்.

மாற்றல்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

மாற்றல் மனு போட்டால் உயர் நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு தொடங்குகிறது என்று பொருள். அதைத் தொடங்கும் முன் மூன்று விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும்.

முதலாவது, கணவர் போட்ட இடத்தில் வழக்குப் போட அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறதா? இந்து திருமணச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, திருமணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகியவற்றில் ஒன்றில் போட வேண்டும். 2003-இல் வந்த திருத்தம், மனைவி மனுதாரராக இருந்தால் அவர் வசிக்கும் ஊரிலேயே போடலாம் என்று சேர்த்தது. அந்தச் சலுகை கணவருக்கு இல்லை. தன் புது வேலைக்காகத் திருச்சிக்குக் குடிபோன கணவர் அங்கே மனு போட்டிருந்தால், திருமணமும் அங்கே நடக்கவில்லை, சேர்ந்து வாழ்ந்ததும் அங்கே இல்லை என்றால், அதிகார எல்லையையே ஆட்சேபிக்கலாம். பலர் இதைப் பார்க்காமல் நேராக மாற்றல் மனுவுக்கு ஓடுகிறார்கள்.

இரண்டாவது, மனைவி ஏற்கெனவே தன் ஊரில் விவாகரத்து அல்லது நீதிமன்றப் பிரிவினை கேட்டு மனு போட்டிருக்கிறாரா? அப்படியானால் இந்து திருமணச் சட்டத்தின் 21ஏ பிரிவுப்படி, பின்னால் வந்த கணவர் மனு, முன்னால் வந்த மனு இருக்கும் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். இந்தப் பிரிவு 10, 13 ஆகிய இரண்டு பிரிவு மனுக்களுக்கு மட்டும்தான். சேர்ந்து வாழக் கோரும் 9-வது பிரிவு மனுவை இதில் கொண்டுவர முடியாது. கணவர் முந்திக்கொண்டால் இதே பிரிவு மனைவிக்கு எதிராகத் திரும்பும் என்பதையும் மறக்க வேண்டாம். அப்போது உயர் நீதிமன்றத்தின் பொது அதிகாரத்தைத்தான் நாட வேண்டும்.

மூன்றாவது, தூரம்தான் பிரச்சினையா, பணம்தான் பிரச்சினையா? பணம் மட்டும் என்றால், இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சத்தோடு வழக்குச் செலவும் கேட்கலாம். போக்குவரத்து, தங்கும் செலவு, துணைக்கு வருபவர் செலவு ஆகியவற்றைக் கணக்குப் போட்டு எழுதுங்கள். நோட்டீஸ் சார்வான, அதாவது எதிர்த் தரப்புக்குப் போய்ச் சேர்ந்த, நாளிலிருந்து 60 நாளில் இந்த மனுவைக் கூடியவரை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இரண்டு மூன்று வாய்தாவில் முடியப்போகும் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மாற்றல் கேட்பது வீண் வேலை என்பது எங்கள் கருத்து.

எந்த நீதிமன்றத்தில் மனு போடுவது

இங்கே தவறினால் மனு ரிட்டர்ன் ஆகும், ஒரு மாதம் போய்விடும்.

ஒரே மாவட்டத்துக்குள், ஒரு சார்பு நீதிமன்றத்திலிருந்து இன்னொரு சார்பு நீதிமன்றத்துக்கு என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 24-வது பிரிவில் மாவட்ட நீதிமன்றமே மாற்றலாம். குடும்ப நல நீதிமன்றம் இல்லாத பகுதிகளில் எச்.எம்.ஓ.பி. என்ற இந்து திருமணச் சட்ட வழக்குகள் சார்பு நீதிமன்றத்தில் நடப்பதால், இந்த வழி பலருக்குப் பயன்படும்.

குடும்ப நல நீதிமன்றத்திலிருந்து வேறு ஊருக்கு, அல்லது ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு என்றால் உயர் நீதிமன்றம். அதே 24-வது பிரிவுதான். மனுவுக்கு டிரான்ஸ்ஃபர் சி.எம்.பி. என்று பெயர். 2004 ஜூலையிலிருந்து மதுரைக் கிளை இயங்குகிறது. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சி, கரூர் ஆகிய மாவட்டங்கள் அதன் எல்லைக்குள் வருகின்றன. மற்ற மாவட்டங்களும் புதுச்சேரியும் சென்னையைச் சேர்ந்தவை. நம் உதாரணத்தில் திருச்சி, தென்காசி இரண்டுமே மதுரைக் கிளைக்குள் இருப்பதால் குழப்பமில்லை. ஒரு ஊர் மதுரை எல்லையிலும் மற்றது சென்னை எல்லையிலும் இருந்தால், மனுவை டைப் செய்யும் முன்பே தாக்கல் பிரிவில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பெங்களூரிலிருந்து கோவைக்கு, கொச்சியிலிருந்து நாகர்கோவிலுக்கு என்று மாநிலம் தாண்டினால் உச்ச நீதிமன்றம் மட்டும்தான், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25-வது பிரிவில். எந்த மாநில உயர் நீதிமன்றத்துக்கும் தன் எல்லைக்கு வெளியே வழக்கை அனுப்பும் அதிகாரம் இல்லை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கே மனு தாக்கல் செய்ய அட்வகேட் ஆன் ரெக்கார்டு, அதாவது உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப் பதிவு பெற்ற வக்கீல், ஒருவர் வேண்டும். 2019-இல் விதி திருத்தப்பட்ட பிறகு இந்த மனுக்களை ஒற்றை நீதிபதியே விசாரிக்கலாம். காரணமே இல்லாமல் அலைக்கழிக்கப் போட்ட மனு என்று தோன்றினால், எதிர்த் தரப்புக்கு 2,000 ரூபாய் வரை இழப்பீடு தரச் சொல்ல 25-வது பிரிவில் இடமிருக்கிறது.

ஒரே ஊரில் ஒரே வளாகத்தில் உள்ள பல குடும்ப நல நீதிமன்றங்களுக்கு இடையே வழக்கைப் பிரித்துக் கொடுப்பது முதன்மை நீதிபதியின் வேலை.

வழக்குகளை வகை பிரியுங்கள்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. ஒரு தம்பதிக்குள் நாலைந்து வழக்குகள் இருப்பது சாதாரணம். எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதி, 'அனைத்தையும் தென்காசிக்கு மாற்ற வேண்டும்' என்று கேட்டால் நடக்காது. ஒரு தாளில் வழக்கு எண்களை எழுதி, பக்கத்திலேயே அது எந்தச் சட்டத்தில் போடப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எச்.எம்.ஓ.பி. என்ற விவாகரத்து, சேர்ந்து வாழ்தல் மனுக்களும், ஜி.டபிள்யூ.ஓ.பி. என்ற குழந்தைப் பாதுகாவலர் மனுவும் சிவில் வகை. இவற்றுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 24-வது பிரிவு. பாதுகாவலர் மனுவை 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரில்தான் போட வேண்டும். அப்பா வேறு ஊரில் போட்டிருந்தால் அதையே ஆட்சேபமாக எழுப்பலாம்.

எம்.சி. என்ற ஜீவனாம்ச வழக்கு, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. இது குடும்ப நல நீதிமன்றத்திலேயே நடந்தாலும், மாற்றல் கேட்பது குற்றவியல் வழியில்: உயர் நீதிமன்றம் என்றால் அதே சன்ஹிதாவின் 447-வது பிரிவு, மாநிலம் தாண்டினால் உச்ச நீதிமன்றத்தில் 446-வது பிரிவு. குற்றவியல் நீதிமன்றங்கள் ஒரே செஷன்ஸ் எல்லைக்குள் இருந்தால் முதலில் செஷன்ஸ் நீதிபதியிடம் 448-இல் கேட்டு, அங்கே மறுக்கப்பட்ட பிறகுதான் உயர் நீதிமன்றம் போகலாம். எம்.சி. பெரும்பாலும் மனைவி தன் ஊரில் போட்டதாகவே இருக்கும், ஆகவே அதை மாற்றும் தேவை அவருக்கு அரிதாகத்தான் வரும்.

டி.வி.சி. என்ற குடும்ப வன்முறை மனு தனி. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-வது பிரிவு, பாதிக்கப்பட்ட பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரில்கூட மனு போடலாம் என்கிறது.

தீர்ப்பு வந்துவிட்ட வழக்கில் மாற்ற எதுவும் இல்லை. ஜீவனாம்ச உத்தரவை, கொடுக்க வேண்டியவர் எங்கே இருக்கிறாரோ அங்குள்ள மாஜிஸ்திரேட் வழியாகவே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 147-வது பிரிவில் நிறைவேற்றலாம்.

சிவில் வகை மனுவுக்குள்ளேயே இன்னொரு பொறி உண்டு. எச்.எம்.ஓ.பி.யில் ஏற்கெனவே ஐ.ஏ. என்ற இடைமனுக்கள் நிலுவையில் இருக்கும்: குழந்தையைப் பார்க்க ஒன்று, இடைக்கால ஜீவனாம்சத்துக்கு ஒன்று. பரிகாரப் பத்தியில், அதாவது என்ன வேண்டும் என்று கேட்கும் பத்தியில், எச்.எம்.ஓ.பி. எண்ணோடு அந்த ஐ.ஏ. எண்களையும் வருடத்தோடு எழுதுங்கள். எண் விட்டுப்போனால், கட்டு அனுப்பும்போது பழைய நீதிமன்றம் அந்த ஐ.ஏ.வைத் தனியாக வைத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. பிறகு அதைத் தேடி இரண்டு ஊர் அலைய வேண்டும்.

நீதிமன்றம் எதைப் பார்க்கிறது

திருமண வழக்குகளில் மனைவியின் வசதியைப் பொதுவாகக் கவனிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022-இல் அதை மறுபடி வலியுறுத்தியது. இரு தரப்பின் பொருளாதார நிலை, சமூகச் சூழல், திருமணத்துக்கு முன்னும் பின்னும் இருந்த வாழ்க்கைத் தரம், யார் எப்படிப் பிழைக்கிறார்கள், யாருடைய ஆதரவில் இருக்கிறார்கள் என்பவற்றைப் பார்க்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு பட்டியலிட்டது. உங்கள் மனுவின் பத்திகளை இதே வரிசையில் அமைத்தால் வாதம் தானாக வடிவம் பெறும்.

'பெண் என்றால் கேட்டதும் கிடைக்கும்' என்று நம்பிப் போகாதீர்கள். 2006-இல் உச்ச நீதிமன்றம், பெண்களுக்குக் காட்டும் தாராளம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி ஒரு மனைவியின் மனுவைத் தள்ளுபடி செய்தது. அந்த வழக்கில் மனைவிக்கும் துணைக்கு வருபவருக்கும் பயணச் செலவு, தங்கும் செலவு முழுவதையும் தருவதாகக் கணவர் முன்வந்திருந்தார். அந்தத் தீர்ப்பு இன்றும் ஒவ்வொரு பதில் மனுவிலும் எடுத்துக்காட்டப்படுகிறது. அதற்குப் பதில் உங்கள் மனுவிலேயே இருக்க வேண்டும்: பணம் கொடுத்தாலும் தீராத சிரமம் எது?

கணவர் மனுதாரரானால், தூரத்தைக் காட்டி ஜெயிப்பது கடினம். குழந்தை அவரிடம் வளர்வது, கடுமையான நோய், மாற்றுத்திறன், மனைவியின் ஊரில் தாக்கப்பட்டதற்கான பதிவு ஆகியவை எடுபடும். யாரானாலும், நீதிபதி ஒருதலைப்பட்சமாக நடக்கிறார் என்று போகிற போக்கில் எழுத வேண்டாம். ஒரு ஐ.ஏ.வில் எதிரான உத்தரவு வந்தது மாற்றலுக்குக் காரணமாகாது. அந்த ஒரு வரி, மற்ற நல்ல காரணங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

ஆதாரம் திரட்டுவது

இருப்பிடச் சான்றில்தான் முதல் சண்டை வரும். திருமணத்துக்குப் பிறகு ஆதார் அட்டையில் கணவர் வீட்டு முகவரிக்கு மாற்றியிருப்பார்கள். தாய் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியும் அதைத் திருத்தியிருக்க மாட்டார்கள். 'மனுதாரர் தென்காசியில் வசிக்கவே இல்லை, ஆதாரைப் பாருங்கள்' என்று பதில் மனு வரும். அதற்கு முன்பே குழந்தையின் பள்ளி போனஃபைடு சான்று, வாடகை ஒப்பந்தம் அல்லது பெற்றோரின் குடும்ப அட்டை, இருப்பிடச் சான்றிதழ், அந்த ஊர்க் கிளையின் வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றில் கிடைப்பதைச் சேர்த்துவிடுங்கள்.

மற்றவை: திருச்சியில் போட்ட மனுவின் நகல், சம்மன், பதில் மனு போட்டிருந்தால் அது, குழந்தையின் பிறப்புச் சான்று, சம்பளச் சான்று அல்லது வருமானம் இல்லை என்பதற்கான சான்று, துணைக்கு வர வேண்டியவரின் மருத்துவக் குறிப்புகள், மிரட்டல் இருந்தால் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் சி.எஸ்.ஆர். ரசீது. முன்பே ஒன்றிரண்டு வாய்தாவுக்குப் போய்வந்திருந்தால் பேருந்து டிக்கெட்டை எறியாதீர்கள். ஒரு தாளில் ஒட்டி நகல் எடுத்து இணைக்கலாம்.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆதாரம் ஒன்று உண்டு. எம்.சி.யோ டி.வி.சி.யோ ஏற்கெனவே தென்காசியில் நடக்கிறது, கணவர் அதற்காக அங்கே வந்துகொண்டிருக்கிறார் என்றால், அந்த வழக்கின் விசாரணைக் குறிப்பை இ-கோர்ட்ஸ் தளத்தில் எடுத்து அச்சிட்டுச் சேருங்கள். எப்படியும் அங்கே வருகிறவருக்கு இந்த வழக்குக்காகவும் வருவது கூடுதல் சுமை இல்லை. பெரும்பாலும் இந்த ஒரு காகிதம் வாதத்தை முடித்துவிடும்.

பிரமாணப் பத்திரம்: அலைச்சலை எழுதும் விதம்

பெரும்பாலான பத்திரங்களில் இருக்கும் வரி இதுதான்: 'மனுதாரர் ஒரு பெண் என்பதாலும், தூரம் அதிகம் என்பதாலும் மிகுந்த சிரமத்துக்கு ஆளாகிறார்.' நீதிபதி ஒரு நாளில் பலமுறை படிக்கும் வரி இது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

'நான் வசிக்கும் தென்காசிக்கும் திருச்சிக்கும் சுமார் 290 கி.மீ. தூரம். காலை 10.30 மணிக்கு நீதிமன்றத்தில் இருக்க, முந்தைய நாள் இரவே பேருந்து ஏற வேண்டும். பயணம் ஆறு ஏழு மணி நேரம். விடியற்காலையில் இறங்கி, நீதிமன்றம் திறக்கும்வரை 4 வயது மகளோடு பேருந்து நிலையத்தில் காத்திருக்க வேண்டும். வழக்கு மாலையில் அழைக்கப்பட்டால் வீடு திரும்ப நள்ளிரவு தாண்டும். ஒரு வாய்தாவுக்கு மகளுக்கு இரண்டு நாள் பள்ளி போகிறது. துணைக்கு வர 67 வயதான என் தந்தை மட்டுமே இருக்கிறார். அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த விவரம் இணைப்பு 5-இல் உள்ளது.'

ஒவ்வொரு வரிக்கும் ஒரு இணைப்பு இருக்க வேண்டும், மிகைப்படுத்தல் கூடாது. தந்தை அறுவை சிகிச்சைக்குப் பிறகு கடைக்குப் போய் உட்கார்கிறார் என்றால் அதை எதிர்த் தரப்பு போட்டோவோடு கொண்டுவரும். பத்திரத்தில் ஒரு பொய் பிடிபட்டால் மாற்றலோடு முடியாது. மூல வழக்கில் குறுக்கு விசாரணையிலும் அதையே எடுப்பார்கள். கணவரின் நடத்தை பற்றிய குற்றச்சாட்டுகளைப் பக்கம் பக்கமாக இங்கே எழுத வேண்டாம். அவை மூல வழக்கில் தீர்க்க வேண்டியவை. எட்டு பத்து பத்திகளில் முடிவது நல்ல பத்திரம்.

தாக்கல், நோட்டீஸ், தடை

மாற்றல் மனு போட்டதாலேயே கீழ் நீதிமன்றம் நின்றுவிடாது. இதை அறியாமல், 'ஹைகோர்ட்டில் மனு இருக்கிறதே' என்று வாய்தாவுக்குப் போகாமல் இருந்து எக்ஸ் பார்ட்டி ஆனவர்கள் ஏராளம். அப்படி ஒருதலைத் தீர்ப்பு வந்துவிட்டால் அதை ரத்துசெய்ய 30 நாளுக்குள் தனி மனு போட வேண்டும்.

அதனால் மாற்றல் மனுவோடு, கீழ் நீதிமன்ற நடவடிக்கைகளுக்கு இடைக்காலத் தடை கேட்கும் மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். தடை கிடைக்கும்வரை திருச்சியில் ஒரு வக்கீலிடம் வக்காலத்து கொடுத்து, ஒவ்வொரு வாய்தாவிலும் ஆஜர் பதிவாக வேண்டும். மாற்றல் மனுவின் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மெமோ போட்டு அவகாசம் கேட்கலாம். கீழ் நீதிபதி தருவார், ஆனால் தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை.

எப்போது போடுவது? எந்தக் கட்டத்திலும் போடலாம் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டம் 24-வது பிரிவின் வாசகம். நடைமுறையில், சம்மன் வந்த முதல் இரண்டு மாதத்துக்குள் போட்டது வலுவானது. சாட்சியம் முடிந்து வாதத்துக்கு நிற்கும்போது போட்டால், இழுத்தடிக்கும் தந்திரம் என்றே பார்க்கப்படும்.

மனுவுக்கு எண் விழுந்து நோட்டீஸ் உத்தரவானதும், நீதிமன்ற நோட்டீஸ் போகும் வேகத்தை மட்டும் நம்பாமல், நீங்களே அனுப்பும் பிரைவேட் நோட்டீஸுக்கும் அனுமதி வாங்கிப் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தபால் துறையின் டிராக்கிங் அச்சும் ரசீதும் சார்வு செய்ததற்கான பத்திரத்தோடு போக வேண்டும். கீழ் நீதிமன்ற மனுவில் கணவர் கொடுத்த அதே முகவரியைப் பயன்படுத்தினால், 'முகவரி தவறு' என்ற வாதம் எழாது. எதிர்த் தரப்பு முன்பே கேவியட் (தங்களைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்ற மனு) போட்டிருந்தால் 90 நாள்வரை அது உயிரோடு இருக்கும். அவர்களைக் கேட்காமல் தடை கிடைக்காது.

வக்கீலுக்கு வசதி இல்லாத பெண்கள், குழந்தைகள் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி பெறலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. 15100 என்ற எண்ணில் அழைத்தால் வழிகாட்டுவார்கள். மதுரையிலும் சென்னையிலும் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது.

காணொலி என்ற பதில் வந்தால்

'வீடியோ கான்ஃபரன்ஸில் வரட்டுமே, எதற்கு மாற்றல்' என்பது இப்போது அடிக்கடி கேட்கும் வாதம். 2017-இன் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றமே அப்படி ஒரு வழியைச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபர் 9 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. மாற்றல் மனு விசாரணையில் காணொலிக்கு உத்தரவிடக் கூடாது. சமரசம் தோற்ற பிறகு, இரு தரப்பும் சேர்ந்து கேட்டால் குடும்ப நல நீதிமன்றம் முடிவுசெய்யலாம் என்பது அந்தத் தீர்ப்பு. கொரோனா காலத்துக்குப் பிறகு காணொலி எங்கும் பழகிவிட்டதால் நீதிபதிகள் இதைக் கேட்கத்தான் செய்வார்கள். உங்களுக்கு அதில் ஆட்சேபம் இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்: வீட்டில் தனி அறை இல்லை, கணவர் தரப்பு ஆவணங்களைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும், சமரசப் பேச்சுக்கு நேர் சந்திப்பு தேவை. ஆட்சேபம் இல்லை, குழந்தையை விட்டுப் போவதுதான் கஷ்டம் என்றால், காணொலியையே ஏற்றுக்கொண்டு மாதங்களை மிச்சப்படுத்தலாம்.

மாற்றல் மனு நிலுவையில் இருக்கும்போதே மீடியேஷனுக்கு அனுப்புவது வழக்கம். உச்ச நீதிமன்றத்தில் அங்கேயே சம்மதம் எட்டி, அரசியல் சட்டத்தின் 142-வது பிரிவில் விவாகரத்தும் பெற்றுத் திரும்பியவர்கள் பலர். பரஸ்பர சம்மதத்துக்கான ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தவும் அந்தப் பிரிவில் அதிகாரம் உண்டு என்று 2023 மே 1-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது. ஆகவே மீடியேஷனுக்குப் போகும்போது நகை, சீர்ப் பொருட்கள், குழந்தை, தொகை பற்றி உங்கள் முடிவு என்ன என்பதை எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

உத்தரவு வந்த பிறகு: கட்டைத் துரத்துங்கள்

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். உண்மையில் இங்கேதான் அதிக வழக்குகள் மாதக்கணக்கில் தொங்குகின்றன. கட்டு என்பது வழக்கின் உடல்: மனு, பதில் மனு, ஐ.ஏ.க்கள், குறியீடு இட்ட ஆவணங்கள், வாக்குமூலங்கள், கவுன்சலர் குறிப்பு எல்லாம் துணியில் கட்டிய ஒரு மூட்டை. அது திருச்சியிலிருந்து தென்காசிக்குப் போய்ச் சேராதவரை உத்தரவு வெறும் காகிதம்தான்.

உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு அன்றே நகல் மனு போடுங்கள். நகல் கையில் வந்ததும் திருச்சி நீதிமன்றத்தில் மெமோவோடு கொடுத்து, கட்டு அனுப்பக் கோருங்கள். உயர் நீதிமன்றப் பதிவகம் தானாக அனுப்பும் என்றாலும், காத்திருக்க வேண்டாம். கட்டு அனுப்பும் முன் அங்கே உங்கள் வக்கீல் அட்டவணையைப் பார்த்து, எல்லா ஐ.ஏ.க்களும் அசல் ஆவணங்களும் இருக்கின்றனவா என்று சரிபார்க்கட்டும். அனுப்பிய தேதியையும் அனுப்புகைப் பதிவேட்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். தென்காசியில் 'இன்னும் வரவில்லை' என்று சொன்னால், அந்த எண்ணைக் காட்டினால்தான் தேடுவார்கள்.

அங்கே வழக்குக்குப் புது எண் விழும்; சி.என்.ஆர். என்ற பதினாறு எழுத்து-எண் குறியீடும் மாறும். பழைய குறியீட்டை வைத்து ஆப்பில் தேடிக்கொண்டிருந்தால், புது வாய்தா தேதி உங்கள் கண்ணில் படாது. மாற்றல் கேட்டுப் பெற்றவரே முதல் வாய்தாவுக்கு வராமல் போவது இப்படித்தான். புது நீதிமன்றத்தில் புது வக்காலத்து போட வேண்டும். வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரலாம், அல்லது முதலிலிருந்தும் விசாரிக்கலாம். உயர் நீதிமன்றம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் அது புது நீதிமன்றத்தின் முடிவு. சாட்சியம் பாதி முடிந்திருந்தால், தொடர வேண்டும் என்று மாற்றல் உத்தரவிலேயே எழுத வைத்துவிடுவது நல்லது.

பழைய இடைக்கால உத்தரவுகள் மாற்றலால் செத்துப்போவதில்லை. ஆனால் 'மாதம் இரண்டு சனிக்கிழமை திருச்சி நீதிமன்ற வளாகத்தில் குழந்தையைக் காட்ட வேண்டும்' என்று உத்தரவு இருந்தால், வழக்கு தென்காசிக்கு வந்த பிறகும் அது திருச்சிதான். இடத்தை மாற்ற உடனே ஒரு ஐ.ஏ. போடுங்கள். போடாமல் குழந்தையைக் கூட்டிப்போகாமல் இருந்தால் அது உத்தரவை மீறுவதாகும்.

நீதிமன்றமே இடம் மாறும்போது

யாரும் கேட்காமலே விசாரணை வேறு கட்டடத்துக்கு, வேறு ஊருக்குப் போவதும் உண்டு. ஒரு பகுதிக்குப் புதிதாகக் குடும்ப நல நீதிமன்றம் அமைந்தால், 1984 சட்டத்தின் 8-வது பிரிவுப்படி, அதுவரை மாவட்ட, சார்பு நீதிமன்றங்களில் நிலுவையில் இருந்த குடும்ப வழக்குகள் தாமாகவே அங்கே மாறிவிடும். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு குடும்ப நல நீதிமன்றம் வேண்டும் என்பது 3-வது பிரிவு. மற்ற இடங்களில் மாநில அரசு தேவை பார்த்து அமைக்கலாம்.

இப்படி நூற்றுக்கணக்கான கட்டுகள் மொத்தமாக நகரும்போது உங்கள் வழக்குக்கென்று தனி நோட்டீஸ் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பழைய நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். வாய்தாவுக்கு முந்தைய நாள் இ-கோர்ட்ஸில் வழக்கு நிலையைப் பாருங்கள். பழைய பெஞ்ச் கிளார்க்கிடம் புது எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இடமாற்றம் தெரியாமல் வரத் தவறி மனு டீஃபால்ட்டில் தள்ளுபடியாகிவிட்டால், பழைய நீதிமன்றத்துக்குப் போய் நின்ற அதே நாளின் டிக்கெட்டோ அங்கே போட்ட மெமோவோ, வழக்கை மறுபடி கோப்பில் எடுக்க நல்ல காரணமாக நிற்கும்.

சிறார் வழக்கு வேறு ஊரில் இருந்தால்

குடும்ப நல வழக்கு இல்லை என்றாலும், இதே அலைச்சல் வரும் இன்னொரு இடம் இது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பையன் வேலை தேடிப் போன ஊரில் ஒரு வழக்கில் சிக்கினால், அது அந்த மாவட்டத்து இளைஞர் நீதிக் குழுமத்தில் நடக்கும். ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள் கொண்ட அமைப்பு அது. அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். 'எங்கள் ஊருக்கு விசாரணையை மாற்றுங்கள்' என்று பெற்றோர் முதலில் கேட்பார்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 95-வது பிரிவில் குழந்தையைச் சொந்த மாவட்டத்துக்கு அனுப்ப வழி இருக்கிறது. ஆனால் சட்டத்தோடு முரண்பட்ட குழந்தை என்றால், விசாரணை முடிந்து இறுதி உத்தரவு வந்த பிறகுதான் அனுப்ப முடியும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்பட்டு குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்த குழந்தைக்கு அந்தத் தடை இல்லை. நலக் குழு சொந்த மாவட்டக் குழுவோடு கலந்து பேசி, குழந்தையின் நலனுக்கு உகந்தது என்று கண்டால் அனுப்பலாம். சிறப்புச் சிறார் காவல் பிரிவு 15 நாளுக்குள் அழைத்துச் செல்ல வேண்டும்; பெண் குழந்தையானால் பெண் காவலர் உடன் போக வேண்டும்.

ஆக, விசாரணை நடக்கும் காலத்தில் பெற்றோருக்கு உதவுவது 91-வது பிரிவு. குழந்தை நேரில் வரத் தேவையில்லை என்று தோன்றும் கட்டங்களில் குழுமம் அதன் வருகையைத் தளர்த்த வேண்டும் என்கிறது அது. ஒவ்வொரு வாய்தாவிலும் இதை எழுத்தில் கேளுங்கள். பள்ளித் தேர்வு அட்டவணையை இணையுங்கள். நேரில் வந்தே ஆக வேண்டிய நாளில் குழந்தைக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் உண்மையில் ஆன பயணச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. பேருந்து, ரயில் டிக்கெட்டுகளின் அசலை அன்றே குழுமத்திலோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ மனுவோடு கொடுத்து, கொடுத்ததற்கு நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.